தண்ணி டேங்க் ஸ்டாப்

ஜமுனாவுக்குப் பதினாறு வயது. குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டிக்கொடுத்த ஹவுசிங் போர்டில் வீடு. ஆனால் பள்ளி விட்டு வரும்போது போர்டு ஸ்டாப் வரைக்கும் அவள் பஸ்ஸில் வந்ததே கிடையாது. ஒரு ஸ்டாப் முன்னாடி, தண்ணி டேங்கிலேயே இறங்கி நடந்துவிடுவாள். போர்டுப் பிள்ளை என்று தெரிந்தால் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவார்கள்? ஒரு பேனா தொலைந்தால்கூட முதலில் இவள் பையைத்தானே திறப்பார்கள்!

ஷாலினி என்று ஒரே ஒரு சிநேகிதி. வீட்டைக் காட்டுடி, காட்டுடி என்று நச்சரித்தாள். பொறுக்கமாட்டாமல் ஜமுனா டேங்க் பக்கத்தில் ஒரு மாடி வீட்டைக் கைகாட்டித் தொலைத்தாள். ஜமுனாவின் பிறந்தநாளன்று ஷாலினி கேக்கும் கையுமாகப் போய் அந்த வீட்டு பெல்லை அடித்தாள். அப்புறமென்ன, மானம் கப்பலேறிவிட்டது. ஷாலினி பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குத்துச்சண்டைப் பயிற்சியில் ஜமுனாவுக்குக் கையே எழவில்லை. எத்திராஜ் மாஸ்டர் பக்கத்தில் வந்தார். அவரும் போர்டில் பிறந்தவர்தான். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். தேசியப் போட்டியில் தங்கம் வாங்கியவர்.

“இன்னாமா, அழுவுறியா?”

நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை பொங்கியது.

“உங்கள மாதிரி மெடல் வாங்கிட்டா இந்த வெக்கம் போயிடுமா மாஸ்டர்? போவும்னா உயிரக் குடுத்து சண்ட போடுறேன். போவாதுன்னா இப்பவே கிளவுஸக் கழட்டிடறேன்.”

மாஸ்டர் சாவியைக் கையில் எடுத்தார். தினமும் எல்லாரும் போனபிறகு பூட்டிவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் அவர்.

“பைய எடு. இன்னிக்கு என்கூட பஸ்ல வா.”

பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த ஒருவர் மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“பாக்ஸர் எத்திராஜ் சார்தானே? டிவியில பாத்திருக்கேன். உக்காருங்க சார்.”

ஜமுனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மனசுக்குள் ஒரு மெடலைக் கழுத்தில் மாட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“சார் வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டார் அவர்.

“இங்கதான். வந்துடுச்சு” என்று மாஸ்டர் எழுந்தார்.

பஸ் மாதா கோயிலில் நின்றது. ஜமுனாவும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே இறங்கினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

“மாஸ்டர், நான் எறங்குற தண்ணி டேங்கே இன்னும் அடுத்த ஸ்டாப்பாச்சே?”

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடக்கத் தொடங்கினார்.

“மெடல் வாங்குற வரைக்கும் நானும் அங்கதாம்மா எறங்கிட்டிருந்தேன்.”