வெண்மாடத்தின் கதவை யாரும் இரண்டாம் முறை தட்டவில்லை

வெண்மாடம் என்ற மலைநகரம் எப்படி அழிந்தது என்று கேட்டால், அந்த இடிபாடுகளுக்குள் வாளும் தீப்பந்தமுமாகப் புதையல் தேடி நுழைகிற வீரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாகம் விழுங்கியது என்பார் ஒருவர், முனிவரின் சாபம் என்பார் இன்னொருவர். முதலில் இடிபாடு என்பதே தவறு. அங்கே ஒரு கல்கூடப் பெயரவில்லை. நீர் இன்றும் தானாக மேலேறுகிறது, விளக்குகள் எண்ணெயின்றி எரிகின்றன, பொறிப்பறவைகள் தெருக் கூட்டுகின்றன. மனிதர்கள் மட்டும் இல்லை. நாகத்துக்கு இவ்வளவு பார்த்துப் பொறுக்கித் தின்னும் பழக்கம் உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை.

நடந்தது பிடவிக்குத் தெரியும். அவள் அந்த நகரத்தின் வாசற்காரி.

வெண்மாடத்தார் நாகரிகத்தில் ஊறியவர்கள். உள்ளிருந்து ஒருவர் "வாருங்கள்" என்று அழைக்காமல் எந்த வாசலையும் தாண்ட மாட்டார்கள், அது தம் சொந்த வீடாக இருந்தாலும். கதவை ஒருமுறை தட்டுவார்கள். மறுமுறை தட்டுவது பிச்சை கேட்பதற்குச் சமம். நகரத்தின் பெருங்கதவும் இந்த வழக்கத்துக்கு ஏற்பவே செய்யப்பட்டிருந்தது: உள்ளிருப்பவர் அழைத்தால்தான் திறக்கும், வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. கைப்பிடி வைப்பது வீட்டாரை அவமதிப்பதாம். அதைச் செய்து கொடுத்தவன் ஆற்றூர்க் கொல்லன் தித்தன். நல்ல கூலி வாங்கினான், விருந்தும் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு ஓர் அறுவடைக் காலத்தில், நகரத்து நீரூற்றுகள் இன்னும் உயரமாக எழ வேண்டும் என்று வெண்மாடத்தார் அணையின் மதகுகளை மாற்றிப் பார்த்தார்கள். கீழே ஆற்றூர் மூழ்கியது. பிடவியின் தங்கை தளவி வைக்கோற்போரின் மேல் நின்று அக்காவைக் கூப்பிட்டபடியே வெள்ளத்தோடு போனாள். வெண்மாடத்தார் அழகான இரங்கல் சொற்களோடு பழக்கூடைகள் அனுப்பினார்கள். வீடிழந்த சிலருக்கு வேலையும் தந்தார்கள். பிடவிக்கு வாய்த்தது வாசல் வேலை. தளவியைக் கொன்றவர்களை அவள் நாள்தோறும் "வாருங்கள்" என்று அழைத்தாள்.

தப்பிய ஆற்றூரார் ஒரு நடுகல் நிறுத்தினார்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் பொறிக்கப்படும்; பழி தீர்த்தவர் தாம் இழந்தவரின் பெயரைச் சொல்லலாம் என்றார் ஊர்த்தலைவி காரிக்கண்ணி. பிடவி அந்தக் கல்லையே நினைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நண்பகலில் கிரகணம் பிடித்துச் சூரியன் மறையும், அந்த நிழல் பனிமேட்டில் ஓடுவதைக் காணக் கண் கோடி வேண்டும் என்று உப்பு வியாபாரி எழினி வந்து நகரமெங்கும் சொன்னான். அவனும் ஆற்றூர்க்காரன், வெள்ளத்தில் தகப்பனை இழந்தவன். நகரமே கிளம்பியது. கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே நின்றவள் பிடவி மட்டும். அழைக்க மறுப்பாள் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே இல்லை.

நிழல் ஓடி முடிந்தது. பின்னாலேயே பனிக்காற்று எழுந்தது. நகரத் தலைவர் வந்து கதவை ஒருமுறை மெல்லத் தட்டினார்.

பிடவி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பளிங்குக் கதவில் உள்ளிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும். மறுபடி தட்டட்டும், என்று நினைத்தாள். கெஞ்சட்டும். அந்த ஓசையை ஒரு தடவை கேட்டுவிட்டு அழைக்கிறேன்.

"என்ன தலைவரே, இன்னொரு தட்டுத் தட்டுங்களேன்! விறைத்துப் போகிறது!" என்று கூடவே வந்திருந்த எழினி கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

தலைவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, அழைக்க மனமில்லாத வீட்டில் நிற்கலாகாது."

எல்லோரும் திரும்பினார்கள். குழந்தைகளும் தட்டவில்லை; நன்றாக வளர்க்கப்பட்ட குழந்தைகள். வேறு வாசல் தேடிப் பனிமேட்டில் வரிசையாக நடந்தார்கள். வரிசை நீளமானது; கடைசி ஆள் கண்ணுக்கு மறைய வெகுநேரம் ஆனது. பிடவி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவர்கள் வீடுகளுக்குள் போய், ஆக்கி வைத்திருந்த சோற்றை வயிறு நிறையத் தின்றாள்; பெருங்கதவை உள்ளிருந்து திறந்து, அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். வெளியே நின்றவர்களில் மலைவழி அறிந்த எழினி மட்டும் பனிக்குத் தப்பி ஊர் வந்து சேர்ந்தான்.

நடுகல்லுக்கு முன் காரிக்கண்ணியிடம் மூவர் வந்து நின்றார்கள்.

"நான் ஆசை காட்டாவிட்டால் அவர்கள் வாசற்படி தாண்டியிருப்பார்களா, சொல்லுங்கள் தாயே!" என்றான் எழினி. "என் அப்பா பெயரை வெட்டச் சொல்லுங்கள்."

"நீ காட்டியது வேடிக்கை. பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார்கள்," என்றான் தித்தன். "கைப்பிடி இல்லாத கதவைச் செய்தவன் நான். வெள்ளத்தில் போன என் மனைவி பெயர்தான் கல்லில் ஏற வேண்டும்."

"அடேயப்பா! இந்தக் கல்லையும் அவர்களிடம் கூலி வாங்கித்தான் செதுக்குவாயோ?" என்றான் எழினி.

காரிக்கண்ணி பிடவியைப் பார்த்தாள். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"தளவி பெயர் வேண்டும்," என்றாள் பிடவி. "ஆனால் பொய் சொல்லி வாங்க மாட்டேன். அவர்கள் இரண்டாம் முறை தட்டியிருந்தால் திறந்திருப்பேன். கெஞ்ச வைக்கத்தான் நினைத்தேன். கொல்ல நினைத்து உட்காரவில்லை."

கதை இங்கே நிற்கிறது. ஒருவன் வெளியே இழுத்தான், ஒருவன் கதவைச் செய்தான், ஒருத்தி வாய் மூடியிருந்தாள். இதைப் படித்தவர்களே, பழி தீர்த்தது யார்? கல்லில் யாருடைய பெயர் ஏற வேண்டும்?

விடை: தித்தன் கதவைச் செய்தபோது வெள்ளமே வரவில்லை, தீர்ப்பதற்குப் பழி எதுவும் இல்லாத காலத்து வேலை அது. எழினி கதவைத் தட்டக் கை ஓங்கியவன். அது திறக்க வேண்டும் என்று விரும்பியவன் பழியைக் கோர முடியாது. பிடவி இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தது உண்மைதான். ஆனால் இரண்டாவது தட்டு வேண்டும் என்று கதவு கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள். அவர்கள் முதுகு காட்டிய பிறகு, கெஞ்சல் இனி வராது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் அந்த நீண்ட வரிசையின் கடைசி ஆள் கூப்பிடும் தொலைவில்தான் இருந்தான். பழி தீர்ந்தது அங்கே, அவள் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில். எனவே கல்லில் தளவியின் பெயரே வெட்டப்பட்டது. காரிக்கண்ணி உளியைக் கொல்லனிடம் தரவில்லை, பிடவியின் கையில் கொடுத்தாள். "கல்லும் உன்னுடையது, பனியில் போன அந்தக் குழந்தைகளும் உன்னுடையவர்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுக்க முடியாது, மகளே," என்றாள். பிடவி உளியை வாங்கிக்கொண்டாள்.