மௌனத்தில் இடறிய வரையாடு

மலை உச்சியில் ஒரு வரையாட்டுக் கூட்டம் இருந்தது. அதில் கருமலை என்று ஒரு வயதான கிடா. அவன் மனைவி தும்பை.

தும்பைக்கு வாய் ஓயாது. மேய்ந்தாலும் பேச்சு, அசை போட்டாலும் பேச்சு. கருமலைக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். பிடிக்கும் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அது வேறு விஷயம்.

கொஞ்ச நாளாக அவனிடம் ஒரு புதுப் பழக்கம். நடக்கும்போது தும்பை ஏதாவது கேட்டால் சட்டென்று நின்றுவிடுவான். நாலு காலையும் ஊன்றி, யோசித்து, பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான்.

"என்னங்க, ஓடைக்கரையில மேய்ஞ்சோமே, அந்தப் புல்லுக்குப் பேரு என்ன?"

கருமலை நின்றான். யோசித்தான். "தெரியலையே."

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் நின்னீங்களா!"

பின்னால் வந்த இளசுகள் கத்தின. "கல்யாண ஊர்வலமா போறீங்க? வழியை விடுங்க!"

அவன் ஏன் நிற்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பின்னங்காலில் பழைய பிடிப்பு இல்லை. முன்பெல்லாம் கால் தன்பாட்டுக்கு நடக்கும், மனசு தன்பாட்டுக்குப் பேசும். இப்போது காலுக்கே மனசு தேவைப்பட்டது. இதை வெளியே சொல்ல ரோஷம் விடவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. கூட்டத்தின் தலைவி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"நாளைக் காலையில் இடுக்குப்பாறை வழியாக மறுபக்கம் போகிறோம். தாண்ட முடியாதவர்கள் இங்கேயே இருந்துகொள்ளுங்கள்!"

இங்கேயே இருப்பது என்றால் சிறுத்தையோடு இருப்பது. அது எல்லோருக்கும் தெரியும். இடுக்குப்பாறையோ ஒரு குளம்பு வைக்கும் அகலம்தான். கீழே பார்த்தால் பள்ளத்தின் அடியே தெரியாது.

அன்று சாயங்காலம் தும்பை புல்லைத் தொடவில்லை. மரத்தின் மேலிருந்து கருமந்தி ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"என்ன தும்பை, மூஞ்சி வாடிக்கிடக்கு?"

"அவரு நாளைக்குப் பாறையைத் தாண்டணுமே!"

"அவரு தடுமாறக் காரணமே நீதான்! நீ பேசுறே, அவரு நிக்கிறாரு. நாளைக்குப் பாறை மேல வாயைத் திறந்தே, கிழவன் கீழே!"

மந்தி அந்தப் பாறையில் ஒரு தடவைகூட நடந்ததில்லை. அதனால் என்ன? அறிவுரை சொல்ல நடந்திருக்க வேண்டுமா? சொல்லிவிட்டு ஒரு கொழுந்தைப் பறித்துத் தின்றாள்.

அவள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் மறுநாள் ஒருவனைக் கவிழ்க்கப் பார்த்தது.

காலையில் மூடுபனி. கூட்டம் முழுவதும் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் கருமலை நடந்தான், அவன் பின்னால் தும்பை. அவள் துளிச் சத்தம்கூட வராமல் குளம்பைப் பூப்போல வைத்து நடந்தாள். வாயைத் திறக்கவே இல்லை.

முதலில் கருமலை ஒழுங்காகத்தான் நடந்தான். பிறகு காது உறுத்தியது. ஏன் சத்தமே இல்லை?

'உடம்பு சரியில்லையா? இல்லை, நேற்று உப்புப்பாறையில் அவளுக்கு இடம் விடாமல் நக்கினேனே, அந்தக் கோபமா? புல்லின் பெயர் தெரியாது என்றேனே, அதற்கா?'

மனசு போன கோடை வரை போய்த் தன் குற்றங்களைத் தேடியது. பாவம், கால் மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது.

பின்னங்கால் சறுக்கியது!

கற்கள் உருண்டன. அவை அடியில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. கருமலையின் வயிறு பாறையில் ஒட்டிக்கிடந்தது. ஒரு கால் வெறும் காற்றில் தொங்கியது.

"ஐயோ!" என்று அலறினாள் தும்பை.

"தும்பை... என் மேல கோபமா?"

"இதைக் கேக்குற நேரமா இது? காலைத் தூக்கி மேல வைங்க!"

"கோபமா இல்லையான்னு முதல்ல சொல்லு!"

"கோபமே இல்லை! நான் பேசினா நீங்க விழுந்துடுவீங்கன்னு மந்தி சொன்னா. அதான் வாயை மூடிக்கிட்டேன்!"

கருமலை ஒரு பெருமூச்சு விட்டான். கோடைக்குப் போன மனசு காலுக்குத் திரும்பி வந்தது. குளம்பால் தடவித் தடவி ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தான். ஊன்றினான். மெல்ல எழுந்தான்.

"பைத்தியமே! நீ பேசினா நான் நின்னு பதில் சொல்லுவேன். நீ பேசலைன்னா நடந்துகிட்டே யோசிப்பேன். இதுல எது ஆபத்து?"

தும்பை சின்னக் குரலில் கேட்டாள். "அப்போ நீங்க நிக்கிறது என் பேச்சு அலுத்துப்போய் இல்லையா?"

"அலுத்திருந்தா நடந்துகிட்டே 'உம்' கொட்டியிருப்பேனே! கால்ல பிடிப்பு போச்சு, தும்பை. நீ சொல்றதைக் கேக்கணும்னா நான் நின்னாத்தான் முடியும்."

தும்பையின் கண் நிறைந்தது. ஆனால் அழ அது இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"சரி. கேக்க வேண்டியதை அந்தப் பக்கம் போய்க் கேக்குறேன். இங்கேதான் இருக்கேன். நீங்க காலைப் பாருங்க."

இந்த முறை குளம்பை ஓசைப்படவே வைத்தாள். டக், டக். அந்தச் சத்தம் பின்னால் வர, கருமலை வேறு எதையும் நினைக்காமல் நடந்தான். அடி மேல் அடி வைத்து, பாறையைத் தாண்டிவிட்டான்.

மறுபக்கம் பச்சைப் புல்வெளி. அவன் நாலு காலையும் ஊன்றும் வரை தும்பை காத்திருந்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"இப்ப சொல்லுங்க. நேத்து உப்புப்பாறையில எனக்கு ஒரு நாக்கு இடம்கூட விடாம நக்கினீங்களே, அது எதுக்கு?"

"கோபமே இல்லைன்னியே!"

"அப்ப இல்லை. இப்பத்தான் தரை சமமா இருக்கே!"

கருமலை இன்னும் நன்றாகக் காலை ஊன்றிக்கொண்டான்.

நீதி: நடக்கிறவர் மனசில் பாரம் ஏற்றாமல், கோபமில்லை என்பதை அவர் கிளம்பும் முன்பே சொல்லுங்கள், கேள்விகளை அவர் நின்ற பிறகு கேளுங்கள்.