யாருக்கு அழுகிறார்கள்

கோமளவல்லிக்கு ஒரே ஒரு கேள்விதான். மகன் செத்து மூன்று வருஷம் ஆகியும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் அவன் மேல் தனக்குப் பாசமே இல்லையா?

சென்னையில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தபோது வீடே கிசுகிசுவென்றுதான் பேசியது. வந்தவர்கள் அவள் கையைப் பிடித்து, தைரியமான பொம்பளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் பயம் பிடித்தது.

சிவகங்கைப் பக்கம் ஒரு மடத்தில் சாமி இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தாள். சாமி என்றால் தாடி வைத்த கிழவர் இல்லை. முப்பது வயதுப் பெண், பெயர் பேச்சியம்மாள். சிஷ்யையாகச் சேர்ந்த கோமளவல்லிக்கு ஐம்பத்தைந்து, அதனால் சாமி அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். மாசக்கணக்காகத் தொழுவத்தைக் கூட்டச் சொன்னாளே தவிர, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அன்று பக்கத்து ஊரில் இருளப்பன் என்கிற பெரியவர் இறந்துபோனார். சாமி அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்டோவில் கூட வந்த ராக்கு, செத்தவருக்குச் சொந்தக்காரி. வழி முழுக்க வெற்றிலை மென்றுகொண்டு, மருமகள் வைக்கும் குழம்பைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். தெருமுனை வந்ததும் வெற்றிலையைத் துப்பினாள். கொண்டையை அவிழ்த்தாள். மாரில் அடித்துக்கொண்டு அலறியபடி ஓடினாள். கோமளவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி வைத்தார்கள். ராக்குவும் உள்ளே நுழைந்தாள். கொஞ்ச நேரம்தான். சட்டென்று மூக்கைச் சிந்திவிட்டு, திரும்பிப் போகப் பஸ் எப்போது என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தாள்.

பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால் அதைவிடக் கொடுமை. ஒருத்தி கிணற்றில் விழுந்த மகளைக் கூப்பிட்டு அழுகிறாள். ஒருத்தி என்றைக்கோ போன புருஷனை. ராக்கு தன் அம்மாவை. இருளப்பனுக்காக ஒருத்தியும் அழவில்லை.

"என்ன கூத்து சாமி இது? செத்தவர் ஒருத்தர், இவங்க அழுறது வேற யாருக்கோ. அதுவும் நினைச்சா அழுறாங்க, நினைச்சா நிறுத்துறாங்க. எல்லாம் பொய்."

சாமி அவள் முதுகில் கை வைத்து வட்டத்துக்குள் தள்ளிவிட்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தள்ளினாள். முட்டி சிராய்த்துவிட்டது.

இரண்டு பக்கமும் கைகள் வந்து தோளில் விழுந்தன. வியர்வை, வெற்றிலை நாற்றம். ராக்கு தன் நெற்றியை அவள் நெற்றியில் முட்டினாள்.

"ஒனக்கு யாரு ஆத்தா போனது?"

"யாருமில்ல."

"யாருமில்லாமயா இந்த வயசுல தொழுவம் கூட்ட வந்த? பேரைச் சொல்லு."

"பிரணவ்," என்றாள். மகனின் பெயர்.

பெண்கள் அந்தப் பெயரை வாங்கிப் பாட்டுக்குள் போட்டுக்கொண்டார்கள். என் ராசா, என் தங்கமே என்று அவனை இழுத்து இழுத்துக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு குரல் மாடு கத்துவதுபோலக் கத்தியது. யார் இப்படி அசிங்கமாகக் கத்துவது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது. யாரோ கையில் காபி டம்ளரைத் திணித்தபோது அழுகை தானாகவே நின்றிருந்தது. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

சாமி பின்னால் வந்து நின்றாள். கோமளவல்லி திரும்பாமலே கேட்டாள்.

"அது என் அழுகையா சாமி? இல்ல, இவங்க பழக்கமா?"

தெருமுனையில் இன்னொரு ஆட்டோ நின்றது. ஒருத்தி கொண்டையை அவிழ்த்துக்கொண்டே இறங்கினாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்க்கா," என்றாள் சாமி. "ஆள் வருது பாரு. கொஞ்சம் தள்ளி உக்காந்து தோளைக் குடு."