எறங்குற சத்தம்

"கூட்டத்தக் கெடுக்க வந்தேனா? நானா? சார், இந்தக் கூட்டம் மதியச் சாப்பாட்டோடவே படுத்திருச்சு! நான் எழுப்ப வந்தேன். என்னது, ஜூனியரா? ஆமா, ஜூனியர்தான். இன்னும் பரீட்சைகூட எழுதல. அதுக்காக என் வாயில டியூப் போட்டுருவீங்களா?"

செயலாளர் மைக்க அணைச்சிட்டார். ஜெனோவாவோட வாய அணைக்க முடியல.

நெல்லையில ஒரு பெரிய ஹோட்டல் ஹால். மயக்க டாக்டருங்க சங்கத்தோட ஆண்டுக் கூட்டம். அடுத்த அஞ்சு வருஷத்துக்கு சங்கம் எது எதுக்கு முதலிடம் குடுக்கணும்னு அன்னைக்கு முடிவு பண்ணியாகணும். மேடைத் திரையில எல்லாம் தயாரா மின்னிக்கிட்டு இருந்துச்சு. சொந்தக் கட்டடம். சிங்கப்பூர்ல மாநாடு. அப்புறம், 'மயக்க டாக்டர்'னு ஜனங்க கூப்பிடுறது மரியாதையா இல்லையாம், கௌரவமா வேற பேரு வேணுமாம். எல்லாரும் கையத் தூக்கிட்டா ஜோலி முடிஞ்சுது.

ஜெனோவா கேட்டது ஒரே ஒரு வரி. ஆனா அது மொத வரியா வரணும்னு நின்னா. எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலயும் ஒத்த மயக்க டாக்டர் ராவும் பகலும் தனியாக் கெடக்கக் கூடாது. அதுக்கு சங்கம் அரசாங்கத்துக்கிட்ட போய்ச் சண்டை போடணும்.

"என் சீனியர் அமலி அங்க அப்படித்தான கெடந்தா!" மைக் இல்லாமலே கத்துனா. "தூக்கமே இல்லாம, சிசேரியன் நடக்கும்போதே நின்ன எடத்துல சரிஞ்சு விழுந்தா. மேசையில அந்தத் தாய் முழு மயக்கத்துல. மூச்சுப் பைய அமுக்கி மூச்சு குடுத்தது நர்ஸம்மா. தாயும் புள்ளையும் பொழைச்சது அவங்க நேரம். நீங்கல்லாம் என்ன பண்ணீங்க? 'மயக்க டாக்டருக்கே மயக்கமா'ன்னு வாட்ஸப் குரூப்புல சிரிச்சீங்க. இப்ப அந்த ஆஸ்பத்திரிக்கு யாரு போறா தெரியுமா? பரீட்சை முடிச்ச கையோட நான் போறேன். தனியா!"

"உக்காரும்மா, ஐஸ்கிரீம் உருகுது"ன்னு முன்வரிசையில ஒருத்தர் சொன்னார். ஹாலே சிரிச்சுச்சு.

மூஞ்சி செவக்க கடைசி வரிசைக்கு வந்தா. அங்க அவ யூனிட் சீஃப் டாக்டர் உலகம்மாள், பாதாம் பால ஆத்தி ஆத்திக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"சீஃப், இவங்களுக்குக் காது இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ரொம்ப நல்ல காது."

"அப்புறம் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"நீ சத்தத்த ஏத்திக்கிட்டே போற."

"பின்ன என்ன, தாலாட்டா பாட?"

"ஏட்டி, இந்தக் கூட்டத்துக்கு சத்தம் எறங்குனாத்தான் கேக்கும்."

"விடுகதை போடுற நேரமா சீஃப் இது! கையத் தூக்கப் போறாங்க! மேடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இதுல பாதிப் பேருக்கு டியூப் போடச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்!"

உலகம்மாள் எந்திரிச்சாங்க. ஆனா மேடைப் பக்கம் போகல. ஹாலுக்குப் பின்னால, கம்பெனிக்காரங்க மெஷின் விக்கப் போட்டிருந்த ஸ்டால் பக்கம் நடந்தாங்க. ஜெனோவா தலையில அடிச்சுக்கிட்டே பின்னால போனா.

அங்க ஒரு மானிட்டர், சும்மா காட்டுறதுக்காக ஓடிக்கிட்டு இருந்துச்சு. தியேட்டர்ல பேஷன்ட் விரல்ல கிளிப் மாட்டுனா டிங் டிங்னு அடிக்குமே, அதே மெஷின். ரத்தத்துல ஆக்சிஜன் நல்லா இருக்குற வரைக்கும் சத்தத்தோட சுருதி மேல நிக்கும். கொறைஞ்சா, படிப்படியாக் கீழ எறங்கும்.

உலகம்மாள் சத்தத்தக் கூட்டி வச்சாங்க. டிங், டிங், டிங். ஒருத்தரும் திரும்பல. மேடையில தலைவர் குற்றாலிங்கம், "ஆதரிக்கிறவங்க கையத் தூக்கலாம்"னார். ஒவ்வொரு கையா எழும்புச்சு.

அப்பத்தான் உலகம்மாள், ஆக்சிஜன் அளவக் கொறைச்சுக் காட்டுற குமிழத் திருப்புனாங்க.

டிங். டிங். டிண். டண்.

தூக்குன கையெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. டொண். தூங்கிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் வெடுக்குன்னு நிமிந்தார். டும். 'ஐஸ்கிரீம் உருகுது'ன்னவர் கையில இருந்து ஸ்பூன் விழுந்துச்சு. ஒரு நாற்காலி சாஞ்சுது, ரெண்டு பேரு எந்திரிச்சே நின்னுட்டாங்க. ஹோட்டல் பையனுங்க மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி கிண்ணம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. டாக்டருங்க அத்தனை பேரும் பின்னால பாத்துட்டாங்க. ஜெனோவாவோட கையும் தன்னால ஆக்சிஜன் மாஸ்க்கத் தேடுச்சு. அவளுக்கே சிலிர்த்துப் போச்சு.

சத்தம் இன்னும் எறங்குச்சு.

"மேடம், அத அணைங்க!"

"பட்டன் இங்கதான் இருக்கு. வந்து அமுக்குங்க"ன்னாங்க உலகம்மாள்.

ஒரு ஆளும் வரல. எந்த மயக்க டாக்டருக்கு, எறங்குற சத்தத்த அணைக்க விரல் வரும்?

தலைவருக்கு நெத்தியெல்லாம் வேர்வை. இது வெறும் மெஷின்னு அவர் மூளைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியல.

"யாரு பாக்குறா? பேஷன்ட் பக்கத்துல யாரு இருக்கா? யாருமே இல்லையா?"

சீஃப் ஜெனோவா தோள்ல கைய வச்சு, மேடையப் பாத்து நிதானமாச் சொன்னாங்க:

"இந்தப் புள்ள காலையில இருந்து அதத்தான் கேக்குது, தலைவரே. மைக்க ஆன் பண்ணுங்க. இத்தனை பேரு முன்னால பதில் சொல்லுங்க."