ஒட்டிய உறை

"நல்லது செய்யக்கூட ஒருத்தரைக் கேட்டுக்கிட்டுதான் செய்யணுமா, அம்மா?" என்று கேட்டபடி வந்தார் சதாசிவம்.

அந்த ஆற்றங்கரை மடத்தின் தலைவி நீலாம்பிகைக்கு வயது நாற்பது. சீடர் சதாசிவத்துக்கு அறுபத்திரண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றிப் பழகிய கை லேசில் சும்மா இருக்காது.

"என்ன செஞ்சீங்க?"

"பொன்னுரங்கத்தோட உறையைப் பிரிச்சேன்."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிறவர் தன் வீட்டு விவரத்தை எழுதி, உறையில் வைத்து ஒட்டிப் பெட்டியில் போடுவார். ஆள் இறந்த பிறகுதான் அதைப் பிரிக்கலாம். பெட்டிச் சாவி சதாசிவத்திடம் இருந்தது.

"இருமி இருமித் துரும்பா இளைச்சுட்டார், அம்மா. பார்க்கப் பொறுக்கலை. உள்ளே மகளோட நம்பர் இருந்தது. போன் போட்டேன். பாவம், அழுதுட்டா. பதினோரு மணி பஸ்ஸுல வந்து இறங்குறா."

பொன்னுரங்கம் மடத்துக்கு வந்த இந்தப் பதினெட்டு வருஷமாக ஊர், உறவு என்று ஒரு வார்த்தை பேசாதவர்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா வேண்டாம்பாரே!"

அம்மா எழுந்து போய், அவர் பூட்டாமல் விட்டிருந்த பெட்டியை எடுத்து வந்தாள். அதிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். மேலே சதாசிவத்தின் கையெழுத்து. ஒட்டிய ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள்.

"அம்மா!"

"நேத்து மத்தியானம் தூக்கத்துல ஒரு பேரைச் சொல்லி அழுதீங்க. எனக்கும் பார்க்கப் பொறுக்கலை."

சதாசிவம் உறையைப் பிடுங்கிக்கொண்டார். குருவின் கையிலிருந்து பிடுங்குகிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இது என் விஷயம்!"

அம்மா மறுபடி அரிசிக்குத் திரும்பினாள்.

"மணி என்ன?"

"பத்தேகால்."

பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

சதாசிவம் தன் உறையைப் பெட்டியில் திரும்பப் போட்டார். வெட்கமாக இருந்தது. பிறகு பொன்னுரங்கத்தின் அறைக்குப் போய், ஒன்றுவிடாமல் சொன்னார்.

பொன்னுரங்கம் கத்தவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

சதாசிவம் பதறிப்போனார். "மன்னிச்சுக்குங்க, ஐயா. வர வேண்டாம், திரும்பிப் போயிடும்மான்னு இப்பவே நான் சொல்லிடறேன்."

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது.

பொன்னுரங்கம் கையை நீட்டினார்.

"இங்க கொடுங்க. என் மககிட்ட நான் பேசுறேன்."

சதாசிவம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். அதன் பக்கத்தில் நிற்காமல், ஆறு வரைக்கும் நடந்து போனார்.