கால ஒதறிட்டு எறங்கணும்

ஒரு ஊர்ல, கடக்கரைய ஒட்டி, தாழம்பட்டினம்னு ஒரு சின்னப் பட்டினம் இருந்திச்சாம். ஊருக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு மணல்மேடு. அந்த மேடு இருந்ததாலதான் ஊரு இருந்திச்சு, இல்லன்னா எப்பவோ கடலு வந்து அடுப்புல ஏறி உக்காந்திருக்கும். ஏல, நீ கால மடக்கி உக்காரு. பொறகு பயந்துக்கிட்டு ஏம்மேல வந்து விழாத.

வருசா வருசம் புரட்டாசி கடைசியில, மழைக்கு முன்னாடி, மேடு போடுற நாளுன்னு ஒன்னு வரும். அன்னைக்கு ஒரு கட்டுமரமும் கடல்ல எறங்காது. ஆம்பளைங்க ஓடை வாய வெட்டிவிட்டு மழைத்தண்ணி போக வழி பண்ணுவாங்க, பொம்பளைங்க மேட்டுச் சரிவுல தாழங்கன்னு நடுவாங்க, அப்புறம் வீட்டுக்கு ஒரு கூடை ஆத்து மண்ணு கொண்டாந்து மேட்டுமேல கொட்டுவாங்க. சும்மா கொட்டமாட்டாங்க. கடலுக்குப் போயி திரும்பி வராதவங்க பேரச் சொல்லிக் கொட்டுவாங்க. கடல்ல போனவங்களுக்குக் கல்லறை ஏது? இந்த மேடுதான் கல்லறை. அதனால எறங்கும்போது காலுல ஒட்டுன மண்ணக்கூட ஒதறிட்டுத்தான் எறங்கணும். உச்சி வெயில்ல மட்டும் அந்தப் பக்கமே யாரும் தலைவச்சுப் படுக்கமாட்டாங்க, அது செத்தவங்க எந்திரிச்சு உக்காருற நேரமாம்.

அந்த ஊர்ல ஞானப்பூன்னு ஒரு பொண்ணு. அவ அப்பன் தொம்மை, அவ சின்னப்புள்ளையா இருக்கும்போதே கடலுக்குப் போயி வரல. அந்த மனுசனுக்கு ஒரு பழக்கம், ரெண்டு இருமல் இருமிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாரு, படுக்கப்போறப்ப தெனமும் "கதவச் சாத்துனியா மக்கா?"ன்னு கேப்பாரு. ஞானப்பூ வருசந்தவறாம "இது எங்க அப்பா தொம்மைக்கு"ன்னு சொல்லி ஒரு கூடை கொட்டுவா. ஆத்தாளும் போய்ச்சேந்த பொறகு அவளுக்குன்னு இருந்தது அந்த மேடு ஒன்னுதான்.

ஊர்த்தலைவரு சந்தியாகு இருக்காரே, அவரு தம்மகன் மிக்கேலுக்கு அவளக் கேட்டு வந்தாரு. எல்லாரும், "ஆகா, என்ன பெரிய மனசு, அனாதப் புள்ளைக்கு மச்சு வீட்டு வாழ்வு!"ன்னாங்க. மனசாவது மண்ணாங்கட்டியாவது! ஏன் எதுக்குன்னு கேக்க ஆளில்லாத மருமவ வேணும் அந்த ஆளுக்கு. அதான் விசயம்.

கல்யாணமாகிப் போனா, புது வீடு, புதுச் சுவரு, சுண்ணாம்பு வாசம்கூடப் போகல. மொத நாளு உச்சி வேளையில ஞானப்பூ சோத்த எறக்குதா, சோறு பூரா மண்ணு. அரிசிய நல்லா அரிச்சுத்தான போட்டோம்னு முழிக்கா. அப்ப சுவத்துக்குள்ள யாரோ ரெண்டு இருமல் இருமுனாங்க. கையில இருந்த அகப்பை கீழ விழுந்திட்டு.

ரெண்டாம் நாளு உச்சி வேளையில பாய விரிக்கா, பாயி பூரா மண்ணு. மறுபடி ரெண்டு இருமல். பொறகு, "கதவச் சாத்துனியா மக்கா?"ன்னு ஒரு கொரலு. அவ அப்பன் கொரலேதான். ஓடிப்போயி வாசக்கதவு, கொல்லக்கதவு, சன்னலு, எல்லாத்தையும் சாத்துனா.

மூணாம் நாளு உச்சி வேளையில தண்ணி குடிக்கச் செம்பத் தூக்குதா, செம்பு பூரா மண்ணு. இருமல் கேட்டிச்சு. "கதவச் சாத்துனியா மக்கா?"

"சாத்திட்டேம்ப்பா, எல்லாக் கதவையும் சாத்திட்டேன்"னு சுவத்துல கன்னத்த வச்சு அழுதா.

"இந்தக் கதவு இல்ல மக்கா. மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாரு. எங்கள எடுத்துட்டானே."

எங்களன்னு சொன்னதும்தான் அவ கவனிச்சா. அவ அப்பன் கொரலுக்குப் பின்னால இன்னும் நெறைய மூச்சு, திருவிழாக் கூட்டத்துல கேக்குமே, அந்த மாதிரி, சுவரு பூராவும்.

அந்த வெயில்லயே மேட்டுக்கு ஓடுனா. போகக்கூடாத நேரம்தான், ஆனா பெத்த அப்பன் கூப்புட்டா போகாம இருப்பாளா? ஊருப் பக்கமிருந்து பாத்தா மேடு முழுசா நிக்குது. கடப்பக்கம் எறங்கிப் பாத்தா, அடியம்மா! தொருவுன தேங்காமூடி மாதிரி கொடஞ்சு கெடக்கு. மாட்டு வண்டித் தடம் கொள்ளையா ஓடுது, நேரா மாமனாரு கொல்லைக்கு. ஊரு பயந்து ஒதுங்குற நேரமாப் பாத்து மண்ண அள்ளி வீடு கட்டியிருக்காரு மனுசன். தாழை நடுற பாடெல்லாம் ஊருக்கு, மேட்டு மண்ணு அவருக்கு!

நேராப் போயி மாமனாருகிட்ட நின்னா.

"மாமா, மழை வந்தா கடலு உள்ள வந்துரும். ஊரே போயிரும். மண்ணத் திருப்பிப் போட்டுருங்க."

"எந்த மண்ணு?"

"எங்கப்பா ஒங்க சுவத்துக்குள்ள இருமுதாரு மாமா."

சந்தியாகு மொகம் ஒரு நிமிசம் வெளுத்திச்சு. பொறகு, "இந்தா பாரு, வாயத் தொறந்த, ஒங்கப்பன் போன எடத்துக்கே ஒன்னையும் அனுப்பிருவேன்"ன்னாரு. மிக்கேலு தூணப் புடிச்சுக்கிட்டு தலையத் தொங்கப்போட்டு நிக்கான்.

மேடு போடுற நாளு வந்திச்சு. வானம் காலையிலேயே கருத்துக் கெடக்கு, கடலு மூச்சே விடல. சந்தியாகு தலப்பாக் கட்டிக்கிட்டு, "சீக்கிரம் கொட்டிட்டுக் கெளம்புங்க, அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க"ன்னு வெரட்டுதாரு. ஞானப்பூ ஒரு கூடையோட வந்தா. ஆத்து மண்ணு இல்ல, வீட்டுச் சுவத்தச் சொரண்டி எடுத்த மண்ணு.

"இது எங்கப்பா. தலைவரு வீட்டுச் சுவத்துல இருந்து கொண்டாந்தேன்"னு எல்லாரும் கேக்கச் சொன்னா.

"பைத்தியம் புடிச்சிருச்சு அவளுக்கு!"ன்னு சந்தியாகு சிரிச்சாரு. கூட்டத்துல நாலு பேரு சேந்து சிரிச்சாங்க.

"பைத்தியம்னே வச்சுக்கிடுங்க. புள்ளையக் கடல்ல குடுத்த தாய் யாராவது அந்தச் சுவத்துகிட்டப் போயி ஒரு கொரலு குடுங்க. போதும்."

சலேத்தம்மான்னு ஒரு மீங்காரி, ஒத்தப் புள்ளையக் கடல்ல விட்டவ. கூடைய எறக்கிவச்சுட்டு வெடுவெடுன்னு அந்த வீட்டுக்குப் போனா, ஊரும் பின்னாலயே போச்சு. சுவத்துல கைய வச்சு, "ஏல அந்தோணி"ன்னா. கூப்பிட்டு எத்தன வருசமாச்சோ, கொரலு ஒடஞ்சுபோச்சு.

சுவரு சொல்லிச்சு, "என்னம்மா?"

அம்புட்டுத்தான். ஆளாளுக்குச் சுவத்துல விழுந்து, "ஏங்க", "அண்ணே", "ஏய்யா ராசா"ன்னு கூப்பிடுதாங்க, கூப்பிடக் கூப்பிடச் சுவரு பதிலு சொல்லுது. அப்படியே சுண்ணாம்பு உரிஞ்சு, ஓட்டைச் சாக்குல அரிசி கொட்டுற மாதிரி மண்ணு பொலபொலன்னு எறங்கிச்சு. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியிருக்கல. கூடை, பானை, முந்தானை, கெடச்சதுல எல்லாம் அள்ளிக்கிட்டு மேட்டுக்கு ஓடுனாங்க.

சந்தியாகு முன்னால ஓடிப்போயி, மேட்டுக்கு அந்தப் பக்கம், அவரு கொடஞ்ச அந்தக் குழிக்குள்ளயே கைய விரிச்சுக்கிட்டு நின்னாரு. "எவனாவது ஒரு கூடை கொட்டுங்க பாப்போம்! அது என் வீட்டு மண்ணு! என் மண்ணு!"

"மாமா, கடலப் பாருங்க, மேல வாங்க!"ன்னு ஞானப்பூ கத்துனா. அவருக்காகவும் கத்துனா பாரு, அவதான் மனுசி. அவரு திரும்பல. "என் மண்ணு!"ன்னு மூணாந்தடவ சொல்ல வாயத் தொறந்தாரு. கடல்ல இருந்து ஒரே ஒரு அலை எந்திரிச்சு வந்திச்சு. சத்தமே இல்ல. நேரா அந்தக் குழிக்குள்ள வந்து, அவரு நின்ன எடத்தத் தடவிட்டுத் திரும்பிப்போச்சு. அவரக் காணல. தலப்பா மட்டும் நொரையில மெதந்திச்சு.

அடுத்த அலை வாறதுக்குள்ள ஊரே சேந்து குழிய மூடிருச்சு. அன்னைக்கு அடிச்ச மழையில பக்கத்து ஊரெல்லாம் போச்சு, தாழம்பட்டினத்துல ஒரு கோழிக்கூட்டக்கூடக் கடலு தொடல.

ஞானப்பூ மேட்டு உச்சியில நின்னு, "கதவச் சாத்தியாச்சுப்பா"ன்னா. பதிலு ஒன்னும் வரல. இருமலும் வரல. ராத்திரி கதவு சாத்துன வீட்ல அப்பன் நிம்மதியாத் தூங்குவாருல்லா, அந்த மாதிரி மேடு அமைதியாக் கெடந்திச்சு. அவ கால நல்லா ஒதறிட்டு எறங்குனா.

மிக்கேலு? பெத்தவராச்சே. வருசா வருசம் அவனும் ஒரு கூடை கொண்டாந்து, "இது எங்கப்பா சந்தியாகுக்கு"ன்னு சொல்லிக் கொட்டுவான். காத்தே இருக்காது. இருந்தாலும் அந்த ஒரு கூடை மண்ணு மட்டும் நிக்காது, பொடிப்பொடியா நழுவி ஊருப் பக்கம் எறங்கி, அந்த இடிஞ்ச வீட்டு வாசல்ல போயிக் குமிஞ்சுக்கிடும். செத்தும் அந்த ஆளுக்கு வீட்டு ஆச போகல. அவன் வாரி எடுத்துட்டு வந்து மறுபடியும் கொட்டுவான், அது மறுபடியும் எறங்கும்.

ஊரு மண்ணத் தின்னவனுக்கு ஊரு மண்ணுல எடமில்ல புள்ளைகளா. மேடு ஒசந்திச்சு, கடலு எறங்கிச்சு, சொன்ன வாயி ஓஞ்சிச்சு. எந்திரிங்க, கால ஒதறிட்டுப் போய்ப் படுங்க.