கோட்டில் மாட்டிய லாரி

சங்ககிரியில் தீர்த்தகிரி முதலாளி தன் லாரி ஷெட்டுக்குள் நுழைந்தால் லாரிகள்கூட உறுமலைக் குறைத்துக்கொள்ளும் என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் காரில் வரும்போது, புதுக் கான்கிரீட் ரோட்டில் தன் லாரி நெளிந்து நெளிந்து போவதைப் பார்த்துவிட்டார். ஓரங்கட்டச் சொல்லி, டிரைவர் மாரப்பனை இறக்கினார்.

“குடிச்சிட்டு ஓட்டறயா? சாவியைக் குடுத்துட்டு ஊரைப் பாத்துப் போ.”

“குடிக்கலைங்க. ரோட்டுல நீளவாக்குல கோடு கீறியிருக்கு. நீங்க வாங்கிப்போட்ட முன்டயர்லயும் நீளவாக்குலதான் கோடு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி இழுக்குது. கட்டம் போட்ட டயர்னா இப்படி இழுக்காதுங்க.”

“டயர் மேல பழி போடறயா?”

“அப்ப நீங்களே ஓட்டுங்க முதலாளி. நேராப் போச்சுன்னா, குடிச்சேன்னு நானே ஒத்துக்கறேன்.”

சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். முதலாளி மீசையைத் தடவிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். லாரி இடுப்பை ஆட்டிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

“என்னய்யா, காலையிலேயே ஏத்திக்கிட்டியா?”

“ஐயோ, நான் தொட்டதே இல்லைங்க சார். எல்லாம் டயருங்க. ரோட்டுக் கோட்டுல டயர்க்கோடு மாட்டி இழுக்குது.”

போலீஸ்காரர் மாரப்பனைப் பார்த்தார். “நெசமாய்யா?”

“முதலாளி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்ற மாரப்பன், சாவிக்குக் கை நீட்டினான்.